லேசா முடியல

என் அப்பா இறந்த அன்று நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே ஊருக்குப் போனேன்.

பக்கத்து சீட்டில் டெலிபோன் பூத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூரில் ஏறியதிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டி தா.பழூர் வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. கல்யாண மண்டபத்தில் மாடி மாறிப்போய் முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்கு மொய் எழுதிவிட்டு, சாப்பாடு நன்றாக இருந்ததால் வாயைத் திறக்காமல் திரும்பிய கதையைச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பாவுக்கு லேசா முடியலையாம் தங்கச்சி. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டா தெம்பாயிடுவாரு" என்றுதான் கடையிலிருந்து என்னைக் கிளப்பிக் கூட்டிவந்திருந்தார். தெருமுனை திரும்பியதும் மேளச் சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "மெதுவா போம்மா" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டெலிபோன் பூத் வைத்திருந்தார். நான் வேலை பார்த்த மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கடை அது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு ஸ்டூல், சுவரில் மீட்டர். ஒல்லியான ஆள். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. மேல் பல்லில் ஒரு இடைவெளி. சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் அப்போது வீட்டுக்கு வீடு போன் கிடையாது. துபாய்க்கும் மலேசியாவுக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் எல்லோரும் அவர் பூத் நம்பரைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சேதி வந்தால் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு அவரே ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். பிள்ளை பிறந்தது, பணம் அனுப்பியது, லீவில் வருவது, எல்லாம் சொல்வார். சாவை மட்டும் சொல்ல மாட்டார்.

யாரும் எழவுச் சேதியைப் பட்டென்று சொல்வதில்லைதான். சீரியஸாக இருக்கிறார், உடனே புறப்படு என்பார்கள். இவர் அந்த அளவுக்குக்கூடப் போக மாட்டார். ஜன்னி வந்து செத்தவனுக்கு ஜலதோஷம் என்பார். மாடியிலிருந்து விழுந்து செத்தவன், பைப்பில் கை கழுவும்போது வழுக்கிவிட்டான் என்பார். கேட்பவர் கொஞ்சம் பதறினாலும், "அட ஒண்ணும் ஆவலங்க" என்று சொல்லிவிட்டு ஒரு செம்பு மோர் வாங்கிக் குடிப்பார்.

எதிரே டீக்கடை வைத்திருந்த அக்காதான் ஒருநாள் எனக்கு அதைக் காட்டினாள். அவள் கணவனை இழந்தவள், ஒரே மகன், அவன் அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். "அங்க பாரு" என்றாள். பூத்துக்குள் போன் பேசி முடித்தவர் வெளியே வந்து குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினார். தலையை நனைத்துச் சீவினார். டப்பாவிலிருந்து பவுடர் கொட்டி முகத்தில் பூசிக்கொண்டு வண்டியை உதைத்தார். "யார் வூட்டுலயோ எழவு" என்றாள் அக்கா. "நல்ல சேதின்னா வேர்த்த மூஞ்சியோட ஓடுவான். பவுடர் போட்டா ஆள் காலி."

அது ஊர்களுக்கும் தெரிந்துபோயிற்று. வெளுத்த முகத்தோடு சிரித்துக்கொண்டு அவர் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அந்தத் தெருவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் எல்லாம் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு வீடாகத் தாண்டும்போதும் அந்த வீட்டுக்காரி உட்கார்ந்துவிடுவாள். எந்த வீட்டு வாசலில் வண்டி நிற்கிறதோ அந்த வீட்டில், அவர் வாய் திறக்கும் முன்பே ஒப்பாரி கிளம்பிவிடும். அந்த ஒப்பாரிக்கு நடுவே நின்றுகொண்டு அவர், "லேசா முடியலைங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஏன் இப்படி என்பதற்கு ஊரில் ஒரு கதை சொன்னார்கள். பூத் வைத்த புதிதில் சவுதியில் ஒருவன் இறந்த சேதியை நேராகப் போய் அவன் மனைவியிடம் சொல்லிவிட்டாராம். அவள் பருத்திக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாளாம். நான் அவர் மனைவியிடமே ஒருமுறை கேட்டேன். "யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "கல்யாணம் ஆன நாள்லேருந்தே இப்பிடித்தான். எங்கம்மா செத்ததையே எனக்கு மறுநாள்தான் சொன்னாரு. பொறவிக் குணம்."

டெலிபோன் போக, அவருக்குக் கோயில் டூர் தொழில் ஒன்றும் இருந்தது. மாதத்துக்கு ஒரு வேன் கிளப்புவார். கங்கைகொண்ட சோழபுரம், மேலப்பழுவூர், பிறகு தஞ்சாவூர்ப் பக்கம், சிதம்பரம், ராமேஸ்வரம். அந்த வேனிலும் இதே குணம்தான். ரேடியேட்டர் வெடித்து நடு ரோட்டில் நின்றால், "வண்டி கொஞ்சம் மூச்சு வாங்குது" என்பார். ஒருமுறை கொள்ளிடக் கரையில் ஒரு பழைய சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நானும் போயிருந்தேன். உள்ளே அம்பாள் விக்கிரகம் இருந்த இடம் வெறும் பீடமாக இருந்தது. களவு போய்விட்டது என்று குருக்கள் அவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் எங்கள் பக்கம் திரும்பி, "அம்பாள் உற்சவத்துக்கு வெளிய போயிருக்காங்க. நீங்க பீடத்தையே கும்பிட்டுக்கங்க, பலன் ஒண்ணுதான்" என்றார். எல்லோரும் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். வேனில் ஏறும்போது, "ஏன்ணே பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். "இவ்ளோ தூரம் வந்த கெழடுங்க. வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?" என்றார்.

இலங்கையில் சண்டை நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் அவருக்கு அங்கேயும் ஒரு டூர் கிளப்பும் யோசனை வந்தது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருந்தது. முன்னேஸ்வரம், திருகோணமலை கோணேசர், போய்த் திரும்ப ஐந்து நாள். 2004-ஆம் வருடம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். மருந்து மாத்திரை தெரிந்த ஆள் ஒருத்தி கூட இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார்.

அதில் குன்னம் பக்கத்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். வெங்காய வெள்ளாமைக்காரர்கள். அந்தப் பெரியவருக்குத் தேவாரத்தில் பித்து. பாடல் பெற்ற தலம் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வருடக் கணக்காக மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலும் நடந்தும் போய்ப் பார்த்து முடித்திருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டுதான் பாக்கி, அதிலும் ஒன்றுக்குச் சண்டையால் வழி சரியில்லை என்றார்கள். "கோணேசரைப் பாத்துட்டா அப்பறம் வூட்டை வுட்டு நகர மாட்டேன்னு இவகிட்டச் சொல்லிட்டேன்" என்று விமானத்தில் என்னிடம் சொன்னார். அந்த அம்மா கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பனையோலை விசிறி இருந்தது. அவர்கள் ஊர்ப் பக்கம் எங்களுடைய பூத்துக்காரர் அதிகம் போனதில்லை. அவருடைய பேச்சுக்கு உள்ளர்த்தம் அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் முன்னேஸ்வரம் பார்த்தோம். பெரியவர் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பாடினார். குரல் நடுங்கினாலும் தாளம் தப்பவில்லை. வெளியே வந்ததும் நெஞ்சை நீவிக்கொண்டார். நான் கேட்டதற்கு, "வாயு. மத்தியானம் சாப்பாடு ஒத்துக்கல" என்றார். வாயு மாத்திரை ஒன்று கொடுத்து, டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்றேன். அவர் சிரித்தார். "ரயிலை வுட்டுடப் போறோம் தாயி" என்றார்.

ரயிலில் படுத்துக்கொண்டே போகலாம் என்று பெரம்பலூரிலேயே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார் பூத்துக்காரரான எங்களவர். கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றபோதுதான் தெரிந்தது, எங்கள் டிக்கெட்டுக்குப் படுக்கையே கிடையாது. எதிரும் புதிருமாக பெஞ்சு மாதிரி சீட்டு. முழங்கால் முழங்காலை இடித்தது. எங்களுக்கு முன்பே பாதிப் பெட்டி நிறைந்துவிட்டது. நடைபாதையில் அரிசிப் பைகளோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். லீவு முடிந்து திரும்பும் சிப்பாய்கள் துப்பாக்கியை இரண்டு காலுக்கும் நடுவே நட்டுக்கொண்டு தூங்கினார்கள். ஒரு ஜன்னல் ஏறவில்லை, இன்னொன்று இறங்கவில்லை. கக்கூஸில் தண்ணீர் இல்லை. விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. சீட்டு இடுக்கிலிருந்து கரப்பான் ஏறி வந்தது.

"தம்பி, படுக்கை இருக்குன்னு சொன்னீங்களே" என்று கேட்டார் அந்த அம்மா.

"இருக்கும்மா, அடுத்த ஸ்டேஷன்ல மாத்திக் குடுப்பாங்க. ஒண்ணும் ஆவல" என்றார்.

அவருக்கு உட்கார இடமில்லை. அந்தத் தம்பதி இருந்த சீட்டுக்குப் பக்கத்தில் மேலே சாமான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாலு வரிசை தள்ளி இருந்தேன். பெரியவர் மனைவியின் மடியில் தலை வைத்துக் காலை மடக்கிக் கொண்டதைப் பார்த்தேன். நெற்றியில் முன்னேஸ்வரத்துச் சந்தனம் காய்ந்திருந்தது. பிறகு கண் அசந்துவிட்டேன்.

வண்டி காட்டுக்குள் ஒரு சந்தியில் நின்றிருந்தபோது எங்களவர் என்னை எழுப்பினார். கல்ஓயா என்று யாரோ சொன்னார்கள். அங்கே வண்டியை இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டக்களப்புக்கும் ஒன்றைத் திருகோணமலைக்கும் அனுப்புவார்களாம். எஞ்சின் முன்னும் பின்னும் போய்வந்து இடித்துக்கொண்டிருந்தது. விளக்கு சுத்தமாக அணைந்திருந்தது.

"தங்கச்சி, ஐயா கையை ஒரு தடவை புடிச்சுப் பாரேன். தூங்குறாரு. சும்மாத்தான்" என்றார்.

இருட்டில் தடவிக்கொண்டு போனேன். பெரியவரின் கை குளிர்ந்து கிடந்தது. மணிக்கட்டில் ஒன்றுமில்லை. கழுத்தில் விரல் வைத்தேன். மூக்கருகே கை வைத்தேன். அந்த அம்மா எனக்கு வழிவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கினார், விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"எப்பிடிம்மா இருக்கு? வாயு எறங்கிடுச்சா?" என்றார்.

நான் பதில் சொல்லும் முன்பு எங்களவர் குனிந்தார். "நல்லாத் தூங்குறாரும்மா. மாத்திரை வேலை செய்யுது. எழுப்பிடாதீங்க."

என்னைக் கதவோரம் தள்ளிக்கொண்டு போனார். வெளியே கும்மிருட்டு. காட்டுப் பூச்சிகளின் இரைச்சல்.

"அண்ணே, உசுரு போயிடுச்சு" என்றேன்.

"தெரியும்."

"அந்தம்மாகிட்டச் சொல்லணும்ணே."

"எங்க சொல்லச் சொல்ற? இங்கியா?" அவர் குரல் ரொம்பவும் தணிந்திருந்தது. "அது ஒரு சத்தம் போட்டா வண்டியை நிறுத்திப் பொணத்தை எறக்குன்னுவான். இந்தக் காட்டுல எறக்கிட்டு நாம என்ன பண்றது? பாஷை தெரியுமா? துப்பாக்கிக்காரன் நிக்கிறான். விடியட்டும். ஊர்னு ஒண்ணு வரட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அது தப்பென்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த ராத்திரி போன விதத்தைப் பார்த்தவள் நான்.

வண்டி கிளம்பியதும் விளக்கு வந்தது. அந்த அம்மா தன் கணவரோடு பேச ஆரம்பித்தார். தூங்குகிற ஆளை எழுப்பாத குரலில், வாய்க்குள்ளேயே பேசினார். மேலக் காட்டு வெங்காயத்தைத் திரும்பி வந்ததும் பட்டறை போட்டு வைக்கலாம், இப்போதே விற்க வேண்டாம் என்றார். மருமகள் இந்தத் தடவையாவது கோழிகளை ஒழுங்காக அடைத்திருப்பாளோ என்னவோ என்றார். அவர் காலில் துண்டைப் போர்த்திவிட்டார். ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, எழுந்தால் கொடுக்கலாம் என்று தாளில் மடித்து வைத்தார். கை மாற்றிக் கை மாற்றி விசிறினார். எங்களவர் கம்பியைப் பிடித்தபடி அவருக்கு மேலே நின்றுகொண்டே இருந்தார். சீட்டு காலியானபோதுகூட உட்காரவில்லை.

நடுவில் சிப்பாய் ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு வந்தான். பெரியவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சிப்பாய் என்னவோ கேட்டான். எங்களவர் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினார். "ஓல்ட் மேன். ஃபீவர். ஸ்லீப்பிங்" என்று சிரித்தார். சிப்பாய் வெளிச்சத்தை அந்த அம்மா பக்கம் திருப்பினான். அவரும் சிரித்து, தூங்குகிறார் என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினார். அவன் போய்விட்டான்.

"தம்பி, கோணேசர் வர்றதுக்குள்ள எழுப்பிடணும். பல்லு வெளக்காம கோயிலுக்கு வர மாட்டாரு" என்றார் அந்த அம்மா.

"நான் எழுப்பிடுறேம்மா. நீங்க கொஞ்சம் கண்ணு அசருங்க."

"மடியில இருக்காரே, எப்பிடித் தூங்குறது?"

திருகோணமலையில் இறங்கும்போது விடிந்திருந்தது. பெரியவரை அவரும் இன்னொருவரும் தூக்கினார்கள். உடம்பு விறைத்து, மடக்கிய கால் மடக்கியபடியே இருந்தது. அதைப் பார்த்த பிறகும், "மயக்கமா இருக்காரு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். மற்றவர்களை வேனில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர், தமிழர். கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கையை எடுத்துவிட்டார்.

"எப்பயிருந்து இப்பிடி இருக்கிறார்?"

"ராத்திரி தூங்குனவருங்க" என்றார் அந்த அம்மா. "மாத்திரை குடுத்தாங்க."

டாக்டர் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடமே சொன்னார். "அம்மா, இவர் இறந்து அஞ்சாறு மணித்தியாலம் இருக்கும்."

அந்த அம்மா அழவில்லை. மணித்தியாலம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். கையிலிருந்த விசிறியைப் பார்த்தார்.

"அப்ப நான் விசுறுனது?" என்றார்.

அவர் எங்களவர் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"அம்மா, ஐயாவுக்கு லேசா முடியாம..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா."

"இந்தப் பொண்ணு வந்து கையப் புடிச்சுதே, அப்பவேவா?"

"அதுக்கும் முன்னாடியே."

"ராவு பூரா பொணத்துக்கிட்ட வெங்காயக் கதை பேசிக்கிட்டு வந்தேனே" என்றார் அந்த அம்மா. "தெரிஞ்சிருந்தா அழுதிருப்பேன். அவரு தலை என் மடியில இருக்கயிலயே அழுதிருப்பேன். இப்ப கட்டில்ல கெடத்திட்டாங்க. இனி யாரு மடியில குடுப்பாங்க?"

எங்களவர் சுவரைப் பார்த்து நின்றார். அவர் முகத்தில் பவுடர் இருக்கவில்லை. ராத்திரி வியர்வை காய்ந்து கோடு கோடாக இருந்தது.

வெளியே டெலிபோன் கடை ஒன்று இருந்தது. அங்கே அதைக் கொமியூனிகேஷன் என்கிறார்கள். கண்ணாடிக் கூண்டு, மீட்டர், ஸ்டூல், எல்லாம் அவருடைய பூத் மாதிரியேதான். ஊரில் மகன் வீட்டுக்குப் போன் வந்திருந்தது. எங்களவர் எண்களை அழுத்தினார். அந்த அம்மா கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் பெரம்பலூர் பூத்துக்காரன் பேசுறேன். வந்து சேந்துட்டோம். அப்பாவா? நல்லா இருக்காரு தம்பி. கோயில்லதான்..."

அந்த அம்மா அவர் கையிலிருந்து ரிசீவரை எடுத்தார். "டேய், அம்மாடா. உங்கப்பா செத்துட்டாரு" என்றார். "ஆமா. ரயில்ல. ராத்திரி. இல்ல, வலின்னு சொல்லல. நான் நல்லாத்தான் இருக்கேன்." மறுமுனையில் கதறுகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. அவர் அதை முழுசாகக் கேட்டார். "அழு" என்றார். "அழுதுட்டுப் பேசு. நான் போனை வெக்கல."

எங்களவர் வெளியே போய் சாக்கடை ஓரம் உட்கார்ந்துகொண்டார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக நாளாகும் என்றார்கள். "பொட்டியில அடைச்சுச் சாமானாட்டம் ஏத்த வேணாம். அவரு வர ஆசைப்பட்ட ஊரு, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. மகனும் போனில் சம்மதித்தான். அவனுக்கு பாஸ்போர்ட் இல்லை, வர முடியாது. அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்காக அலைந்து எல்லா ஏற்பாடும் செய்தார்கள். சுடுகாட்டில், கொள்ளி யார் வைப்பது என்று கேட்டார்கள். அந்த அம்மா எங்களவரைக் காட்டினார்.

"நான் எப்பிடிம்மா? மவன் இருக்காரு..."

"உனக்கு அப்பா இருக்காரா?"

"இல்லம்மா."

"அப்ப வெக்கலாம். ராவெல்லாம் அவரு உசுரோட இருக்காருன்னு சொன்னவன் நீதான். செத்துட்டாருன்னு நீயே வந்து ஒத்துக்க."

மொட்டையடித்து மீசையை மழித்துக்கொண்டு வந்தார். ஈர வேட்டியோடு குடம் உடைத்துச் சுற்றி வந்தார். கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள். வெட்டியான், "வையுங்கோ" என்று இரண்டு தரம் சொன்னான். பிறகு வைத்தார்.

கிளம்பும் நாள் அந்த அம்மா கோணேசர் மலைக்குப் போக வேண்டும் என்றார். கோட்டைக்குள், சிப்பாய்கள் காவலைத் தாண்டித்தான் பாதை. மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பழைய கோயிலை எந்தக் காலத்திலோ இடித்துக் கடலில் தள்ளிவிட்டார்களாம், இப்போது இருப்பது பிறகு கட்டியது. தீட்டு என்பதால் அந்த அம்மா உள்ளே போகவில்லை. பாறை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தார். நான் விபூதி கொண்டுவந்து நீட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கும்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல. பாத்தேன்" என்றார்.

திரும்பி வந்த மறுவாரம் பெரியவரின் மகன் பெரம்பலூருக்கு வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் பூத்துக் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டுப் போனான். நான் கடையிலிருந்து பார்த்தேன். அவர் சில்லுகளைக் கூட்டி அள்ளினார். கேட்டவர்களிடம், "காத்துல ஒடஞ்சிடுச்சு" என்றார். அதோடு வேன் கிளப்புவதை நிறுத்திவிட்டார்.

முடி முளைத்த பிறகும் பழைய கலகலப்பு வரவில்லை. ஊர் ஊராக செல்போன் வந்துகொண்டிருந்தது. பூத்துக்கு வரும் சேதிகளும் குறைந்தன. பவுடர் டப்பா அலமாரியில் இருந்தது, அவர் அதை எடுத்து நான் பார்க்கவில்லை. எழவுச் சேதி வந்தால் அந்த ஊர்க்காரர் யாரையாவது பஸ் ஸ்டாண்டில் தேடிப்பிடித்து ஒப்படைத்துவிடுவார்.

2006-இல் ஒரு காலை நேரம். டீக்கடை அக்காவின் மகன் அப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பூத்தில் போன் அடித்தது. பேசிவிட்டு அவர் வெளியே வந்தார். குடத்துப் பக்கம் போகவில்லை. கலைந்த தலையோடு ரோட்டைத் தாண்டி நேராக டீக்கடைக்குப் போனார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா" என்றார். "உன் மவன் செத்துட்டான்."

அக்கா பாலை ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"சுண்ணாம்புக்கல் லாரி. பைக்குல போனவன அடிச்சிடுச்சு. அரியலூர் ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பவுடர் இல்லை. சிரிப்பு இல்லை. அவள் தோள் தளர்ந்து இறங்கியது. "ஏண்டா இப்பிடிக் குலையப் பதற வெக்கிற?" என்றாள். "உன் வாயால செத்துட்டான்னு வந்தா அவனுக்கு ஒண்ணும் ஆவலன்னு அர்த்தம். காலு ஒடஞ்சிடுச்சா? என்னைச் சீக்கிரம் கெளப்பணும்னு சொல்றியா?"

"இல்லக்கா. நெசமாத்தான்."

"சரி சரி. பால் பொங்கிடப்போவுது, பாத்துக்க." புடவையை உதறிக் கட்டிக்கொண்டாள். "புத்தூர்க்கட்டு போட்டா ஒரு மாசத்துல நடந்துடுவான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறினாள். அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, செத்துட்டான்கா" என்று இன்னொரு தரம் சொன்னார். ஆட்டோ போய்விட்டது. அவர் திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் நின்றார். கடைக்காரி எங்கே என்று வந்தவர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் உள்ளதைச் சொன்னார். அவர்களும் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நம்பாமல் போனார்கள்.

அடுத்த வருடம் அவர் பூத்தை மூடிவிட்டு மகள் வீட்டோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போது இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதவும் தோன்றவில்லை. கருமாதி முடிந்து அக்கா கடை திறந்த அன்று அவர் அங்கே போய் நின்றதுதான் எனக்குள் நிற்கிறது. அன்றைக்கு வியாபாரம் இல்லை. அக்கா நாள்பட்ட தூசி போகக் கண்ணாடி கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னத நான் நம்பல பாத்தியா, அதுவும் நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா, தலை நிமிராமல். "அரியலூரு போற வரைக்கும் எனக்கு மவன் இருந்தான்."

அவர் கழுவிய கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"போனப்பறம்?"

"போனப்பறம் என்ன? செத்துட்டான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கிளாஸை எடுத்தாள்.